வேப்பமுத்தை வாங்கலாம், புட்டியை யோசித்து வாங்கவும்: டெல்டாவில் ஓர் இடுபொருள் கடை

காவிரி டெல்டாவின் தாலுகா நகரம் ஒன்றில், பூச்சிமருந்துக் கடைகள் வரிசையாக இருக்கும் தெருவில், ‘பாரம்பரிய முறைப் பயிர்ப் பாதுகாப்பு’ என்று பலகை மாட்டிய சிறிய கடை ஒன்று சில ஆண்டுகளாக நடந்து வருகிறது. இடப்பக்கம் சாக்குகளில் வேப்பமுத்து, வேப்பம் புண்ணாக்கு, ஆமணக்குப் புண்ணாக்கு. வலப்பக்க அலமாரியில் ஐந்திலைக் கரைசல், பத்திலைக் கரைசல், இஞ்சி பூண்டு மிளகாய்க் கரைசல், அக்னி அஸ்திரம், பஞ்சகவ்யா என்று ஒட்டுத்தாள் ஒட்டிய பிளாஸ்டிக் புட்டிகள். பரணில் மூங்கில் எலிக் கிட்டிகள். கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் வசம்பு, கொட்டைமுத்து எனும் ஆமணக்கு விதை, செண்டுமல்லி விதை, தட்டைப்பயறு விதை. நான் சம்பா சாகுபடிக்கும் வீட்டுத் தானியப் பாதுகாப்புக்கும் இங்கே பொருள் வாங்கிப் பயன்படுத்தியிருக்கிறேன். கடையின் பெயரைத் தவிர்க்கிறேன்; இங்கே சொல்லும் நிறைகுறைகள் மாவட்டத்துக்கு ஒன்றாக முளைத்திருக்கும் இத்தகைய கடைகள் பலவற்றுக்கும் பொருந்தும் என்பதால், ஒருவரை மட்டும் சுட்டுவது நியாயமாகாது.

விவசாயிகளின் பாரம்பரிய அறிவை விற்கிறோம் என்று சொல்லும் கடையை எதை வைத்து மதிப்பிடுவது? எந்தப் பூச்சி பயிரின் எந்தப் பருவத்தில் வரும், எந்தக் காற்றும் எந்த ஈரமும் அதை அழைத்து வரும், எவ்வளவு இருந்தால் பொறுத்துக்கொள்ளலாம், எப்போது தண்ணீரை வடிக்க வேண்டும் என்பவையெல்லாம் தெரிந்த பிறகு, கடைசியாக வருவதுதான் எதை அரைத்துத் தெளிப்பது என்ற கேள்வி. கடையில் விற்க முடிந்தது பெரும்பாலும் அந்தக் கடைசிப் பகுதியை மட்டுமே. ஆகவே ஒவ்வொரு பொருளோடும் முந்தைய பகுதிகள் எவ்வளவு நம் கையில் வந்து சேர்கின்றன என்று பார்த்தே இந்த மதிப்பீட்டை எழுதுகிறேன்.

அந்தக் கணக்கில் இந்தக் கடையின் மிகச் சிறந்த பொருள், சாக்கில் கிடக்கும் வேப்பமுத்து. முத்து நிழலில் காய்ந்ததாகவும், பூசணம் பிடிக்காததாகவும், உடைத்தால் பருப்பு பசுமை மங்காததாகவும் இருக்கிறது. வெயிலில் தார்ச்சாலையில் காயவைத்து, கரும்புள்ளி விழுந்த முத்தை மண்டியில் வாங்கிப் பழகியவர்களுக்கு இந்த வேறுபாடு உடனே தெரியும். டெல்டாப் பகுதியில் வேம்பு ஆனி, ஆடி மாதங்களில் பழுத்து உதிர்கிறது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பரிந்துரைப்படி, சேகரித்து மூன்று மாதம் முதல் எட்டு மாதம் வரை ஆன முத்தில்தான், பூச்சியை விலக்கும் அசாடிராக்டின் என்ற வேதிப்பொருள் போதிய அளவில் இருக்கும். அதற்கு முன்னும் பின்னும் வீரியம் குறைவு. ஆடியில் பொறுக்கிய முத்து ஐப்பசி முதல் பங்குனி வரை பயன்படும் என்று கணக்கு வருகிறது. சம்பாவில் குருத்துப்பூச்சியும் இலைச்சுருட்டுப் புழுவும் தலைகாட்டும் காலம் இதற்குள் அடங்கிவிடுகிறது.

குறுவைக்குத்தான் சிக்கல். ஆனி, ஆடியில் குறுவைப் பயிர் வயலில் நிற்கும்போது கடைச் சாக்கில் இருப்பது முந்தைய ஆண்டின் முத்து. அதற்கு ஏறக்குறைய ஒரு வயது ஆகியிருக்கும். அதையும் அதே விலைக்கு, அதே உறுதிமொழியோடு விற்பது இந்தக் கடையின் முதல் குறை. சாக்கின் மேல் சேகரித்த மாதத்தை ஓர் அட்டையில் எழுதி வைத்தாலே போதும். கேட்டால் சொல்கிறார்கள், ஆனால் கேட்க வேண்டியிருக்கிறது.

ஏக்கருக்கு 10 கிலோ வேப்பம் பருப்பு, 200 லிட்டர் தண்ணீர் என்பது ஐந்து சதவீதச் சாற்றுக்கான அளவு. பருப்பை இடித்து, தண்ணீரில் இரவு முழுவதும் ஊறவைத்து, மறுநாள் பால் நிறத்தில் வரும் சாற்றை மெல்லிய துணியில் இரட்டையாக வடிகட்டி, இலையில் ஒட்டுவதற்குச் சோப்புக் கரைசல் சிறிது சேர்த்து, பிற்பகல் மூன்றரை மணிக்கு மேல் தெளிக்க வேண்டும். வெயிலின் புறஊதாக் கதிர் அசாடிராக்டினைச் சிதைத்துவிடும் என்பதால்தான் இந்த நேரக் கட்டுப்பாடு. சாற்றை அன்றே தெளித்துத் தீர்த்துவிட வேண்டும். கடையில் தரும் துண்டுத்தாளில் இவையனைத்தும் சரியாக அச்சிடப்பட்டிருக்கின்றன. ஒன்று மட்டும் இல்லை. கணக்கு பருப்புக்கானது, விற்பதோ ஓட்டோடு கூடிய முத்து. ஓட்டுக்கே ஏறக்குறையப் பாதி எடை போய்விடும். 10 கிலோ முத்தை வாங்கிச் சென்று ஒரு ஏக்கருக்குத் தெளிப்பவர் பாதி வீரியத்தில்தான் தெளிக்கிறார்; பிறகு வேம்பைக் குறை சொல்கிறார்.

வேம்பின் மேல் விழும் இன்னொரு பழி, தெளித்த மறுநாள் பூச்சி சாகவில்லை என்பது. வேப்பஞ்சாறு பெரும்பாலும் உடனே கொல்வதில்லை. இலையைத் தின்னவிடாமல் செய்கிறது, புழு தோலுரித்து வளர்வதைக் குலைக்கிறது, முட்டையிட வரும் அந்துப்பூச்சியைத் திருப்பிவிடுகிறது. 1962இல் டெல்லியில் இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தின் எஸ். பிரதான் குழுவினர் வேப்பம் பருப்புக் கரைசலைப் பயிரில் தெளித்து வைத்தபோது, வெட்டுக்கிளிகள் அந்தப் பயிரை மட்டும் தொடாமல் விட்டன. அதற்கு மூன்றாண்டு முன்பே சூடானில் வெட்டுக்கிளிக் கூட்டம் மொட்டையடித்த நிலப்பரப்பில் வேப்பமரங்கள் மட்டும் பச்சையாக நின்றதை ஹைன்ரிக் ஷ்முட்டரர் என்ற ஜெர்மானியப் பூச்சியியலாளர் கவனித்திருந்தார். அசாடிராக்டின் என்ற சேர்மத்தை இங்கிலாந்தில் பிரித்தெடுத்தது 1968இல். குதிரில் வேப்பிலை போட்டு நெல்லை மூடிய நம் பாட்டிமாருக்கு அந்தச் சேர்மத்தின் பெயர் தெரிந்திருக்கத் தேவையில்லை. ஆனால் வேம்பின் பூசணக்கொல்லித் தன்மைக்கு அமெரிக்க வேளாண் துறையும் டபிள்யூ. ஆர். கிரேஸ் நிறுவனமும் 1994இல் ஐரோப்பியக் காப்புரிமை பெற்றபோது, இது இந்தியாவில் ஏற்கெனவே புழங்கி வந்த அறிவு என்று மெய்ப்பித்து 2000இல் அதை நீக்க வைக்க வேண்டியிருந்தது. மேல்முறையீடு தள்ளுபடியாக 2005 ஆயிற்று. கடைச் சுவரில் இந்தக் கதையைச் சொல்லும் செய்தித்தாள் நறுக்கு ஒன்று சட்டமிட்டு மாட்டப்பட்டிருக்கிறது. நல்லதுதான், ஆனால் அந்தப் பெருமையின் நிழலில் வைத்து விற்கப்படும் வேப்பெண்ணெய்ப் புட்டியில் அசாடிராக்டின் எவ்வளவு என்ற விவரமே இல்லை. பூச்சிக்கொல்லிச் சட்டத்தின்கீழ்ப் பதிவு பெற்ற வேம்புத் தயாரிப்புகளில் 300 பிபிஎம் (பத்து லட்சத்தில் 300 பங்கு), 1500 பிபிஎம், 10000 பிபிஎம் என்று அளவு அச்சிடப்பட்டிருக்கும். அது இல்லாத எண்ணெயை விளக்கெரிக்க வாங்கலாம், வயலுக்கு வாங்க வேண்டாம்.

இனி வலப்பக்க அலமாரி. ஐந்திலைக் கரைசலுக்கு இலை தேர்வு செய்ய நம் ஊரில் ஒரு நல்ல முறை உண்டு. ஆடு மாடு தின்னாத தழை, ஒடித்தால் பால் வடியும் தழை, கசக்கும் தழை, கசக்கினால் நாறும் தழை என்று பார்த்து எடுப்பார்கள். ஆடுதின்னாப்பாளை, எருக்கு, வேம்பு, நொச்சி, ஆடாதொடை, உண்ணிச்செடி, காட்டாமணக்கு போன்றவை இந்தச் சல்லடையில் தேறியவை. அந்தந்த ஊர் வேலியில் எது கிடைக்கிறதோ அதைப் பறித்து, இடித்து, கோமியத்தில் ஊறவைத்துத் தெளித்தார்கள். மேய்ச்சல் விலங்கிடமிருந்து தன்னைக் காத்துக்கொள்ளச் செடி வைத்திருக்கும் வேதிப்பொருளே பூச்சியையும் விலக்கும் என்ற இந்த ஊகம் தாவரவியலுக்கு ஒத்தது. ஆனால் புட்டியில் அடைத்து வரும்போது என்ன ஆகிறது? எந்த ஐந்து இலை என்று ஒட்டுத்தாளில் இல்லை. தயாரித்த நாள் இல்லை. பத்து லிட்டர் டேங்குக்கு அரை லிட்டர் என்று ஒரே அளவு, நாற்றங்காலுக்கும் கதிர் வந்த பயிருக்கும் கத்தரிக்கும் வெண்டைக்கும். மூடியைத் திறந்ததும் புளிப்பு வாடை வருகிறது; அது கரைசலின் இயல்பான நொதிப்பா, கெட்டுப்போனதன் அடையாளமா என்று தீர்மானிக்க வாங்குபவருக்கு வழியில்லை. நான் வாங்கிய ஒரு புட்டி காய்கறிப் பாத்தியில் அசுவினியை ஓரளவு விரட்டியது. அதே பெயர் போட்ட அடுத்த புட்டியால் ஒரு மாற்றமும் தெரியவில்லை. வீட்டுப்பக்க வேலித் தழையில் கிடைப்பதைக் காசு கொடுத்து வாங்கும்போது, குறைந்தபட்சம் ஒரே தரத்தையாவது எதிர்பார்ப்பது தவறாகாது.

ஒட்டுத்தாளில் ‘அனைத்து வகைப் பூச்சிகளுக்கும்’ என்று போட்டிருப்பதுதான் எனக்கு மிகவும் உறுத்தியது. பழைய அறிவு அப்படிப் பேசுவதே இல்லை. நெல் பால் பிடிக்கும் பருவத்தில் வரும் கதிர் நாவாய்ப்பூச்சிக்கு நொச்சி, நெய்வேலிக் காட்டாமணக்கு, சீமைக்கருவேல் இவற்றின் இலைச்சாற்றை ஐந்து சதவீதத்தில், பூக்கும்போது ஒரு முறை, ஒரு வாரம் கழித்து மறுமுறை என்று வேளாண்மைப் பல்கலைக்கழகமே பரிந்துரைக்கிறது. பாக்டீரியா இலைக்கருகலுக்குச் சொல்வது வேறு: புதிய சாணத்தை 20 சதவீதக் கரைசலாக்கி, நோய் தென்பட்டவுடன் ஒரு முறையும் பதினைந்து நாள் கழித்து இன்னொரு முறையும் தெளிப்பது. ஒவ்வொரு தொல்லைக்கும் தனி இலை, தனிப் பருவம், தனி இடைவெளி. இந்த நுணுக்கமெல்லாம் ‘அனைத்து வகை’ என்ற இரண்டு சொல்லில் கரைந்துபோகிறது. கொடுமுடி டாக்டர் நடராஜன் பரவலாக்கிய பஞ்சகவ்யா முதன்மையாக ஒரு வளர்ச்சி ஊக்கி. அதையும் இங்கே பூச்சிவிரட்டி வரிசையில் வைத்திருக்கிறார்கள்.

இதைவிடக் கடுமையாகச் சொல்ல வேண்டியது புகையிலைக் கஷாயத்தைப் பற்றி. அலமாரியின் கீழ்த்தட்டில், மற்றவற்றோடு கலந்து, எந்த எச்சரிக்கையும் இல்லாமல் இது நிற்கிறது. புகையிலையின் நிக்கோடின் பூச்சியை நன்றாகவே கொல்லும்; தோல் வழியாக உடம்புக்குள் புகுந்து மனிதருக்கும் தலைசுற்றலும் வாந்தியும் உண்டாக்கும். நிக்கோடின் சல்பேட் இந்தியாவில் பயிருக்குப் பயன்படுத்தத் தடை செய்யப்பட்ட பொருள். செடியிலிருந்து வந்தது, தாத்தா காலத்தது என்பதால் கையுறையும் முகமூடியும் இல்லாமல் தெளிக்கலாம் என்ற நினைப்பைக் கடை வளர்க்கக் கூடாது. ஊமத்தை சேர்ந்த கரைசல்களுக்கும் இதே எச்சரிக்கை தேவை. உரிமையாளரிடம் இதைச் சொன்னபோது மறுத்துப் பேசவில்லை. ஆனால் அடுத்த முறை போனபோதும் புட்டிகள் அதே தட்டில்தான் இருந்தன.

இவ்வளவு குறை சொன்ன பிறகும் இந்தக் கடைக்குப் போகலாம் என்று நான் சொல்வதற்குக் காரணம், கல்லாவில் உட்கார்ந்திருப்பவர். விவசாயக் குடும்பத்தில் பிறந்து, இன்னமும் சொந்தமாகக் கொஞ்சம் நிலம் செய்பவர். மருந்துக்கடைகளில் வழக்கமாக நடப்பது, வாடிய இலையைக் காட்டியதும் இரண்டு டப்பாவை எடுத்து மேசையில் வைப்பது. இவர் முதலில் கேள்வி கேட்கிறார். கார்த்திகை மாதத்தில் ஒரு பெரியவர், நெல் தூரில் சாறு உறிஞ்சும் புகையான் பூச்சிக்கு மருந்து கேட்டு வந்தபோது நான் அங்கே இருந்தேன்.

“பயிருக்கு என்ன வயசுங்க ஐயா? தூரைப் பிரிச்சுப் பாத்தீங்களா, மேலாலதான் பாத்தீங்களா?”

“வட்டமா பழுத்துக்கிட்டு வருது தம்பி. தூரைத் தட்டுனா தண்ணியில விழுவுது.”

“சிலந்தி இருக்கா?”

பெரியவர் யோசித்துவிட்டு, இருக்கிறது என்றார். யூரியா எப்போது போட்டது, தண்ணீர் எவ்வளவு நிற்கிறது, வடிய வழி இருக்கிறதா, நடும்போது பட்டம் (பயிருக்கு நடுவே இடைவெளிப் பாதை) விட்டதா என்று கேள்விகள் தொடர்ந்தன. முடிவில் அவர் ஒன்றும் விற்கவில்லை. தண்ணீரை வடித்துவிட்டுப் பயிரைப் பட்டம் பட்டமாகப் பிரித்துவிடுமாறும், யூரியாவை நிறுத்தி வைக்குமாறும், சில நாள் கழித்தும் குறையாவிட்டால் வேப்பங்கொட்டைச் சாற்றைத் தூரில் படுமாறு தெளிக்குமாறும் சொல்லி அனுப்பினார்.

இந்த ஆலோசனையின் ஒவ்வொரு படிக்கும் காரணம் இருக்கிறது. புகையான் தூரின் அடியில், நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, நிழலும் ஈரமும் உள்ள இடத்தில் கூடுகிறது. தண்ணீரை வடித்து வெளிச்சமும் காற்றும் புகச் செய்தால் அந்தச் சூழல் கெடுகிறது. இரண்டரை மீட்டருக்கு ஒரு முறை ஏறக்குறைய ஓர் அடி, 30 சென்டிமீட்டர் அளவுக்குப் பட்டம் விடச் சொல்வதும் இதற்காகத்தான். தழைச்சத்து மிகுந்தால் பயிர் இளம்பச்சையாகச் சாறு நிறைந்து நிற்கும், பூச்சி பெருகும். சிலந்தியைப் பற்றிக் கேட்டதுதான் முக்கியமான கேள்வி. சிலந்தி இல்லாத வயலில் தூர்க்கிளைக்கு ஒரு புகையான் இருந்தாலே நடவடிக்கை எடுக்க வேண்டும்; குத்துக்கு ஒரு சிலந்தி இருந்தால் கிளைக்கு இரண்டு வரை பொறுக்கலாம் என்பது பல்கலைக்கழகம் வகுத்த பொருளாதாரச் சேதநிலை. கண்டபடி மருந்தடித்தால் முதலில் சாவது சிலந்தி. செயற்கைப் பைரித்ராய்டு வகை மருந்துகளை அடித்த வயலில் புகையான் முன்னைவிட அதிகமாகத் திரும்பி வருவது நெல் ஆராய்ச்சியில் நன்கு பதிவான நிகழ்வு. இந்தோனேசியா இந்தப் பாடத்தைப் பட்டுத் தெரிந்துகொண்டு, 1986இல் நெல்லுக்கு 57 பூச்சிக்கொல்லிகளை ஒரே ஆணையில் தடை செய்தது. தூரைப் பிரித்து, தட்டி, சிலந்தியைத் தேடிப் பார்த்த நம் பழைய சம்சாரிகளுக்கு எண்ணிக்கை வரம்பு தெரியாது. எட்டுக்கால் ஊர்கிற வயலில் அவசரப்படக் கூடாது என்பது தெரியும். கடைக்காரரின் கேள்விகளில் அந்த அறிவு உயிரோடு இருக்கிறது. அவருடைய புட்டிகளில் அது இல்லை என்பது விந்தையான முரண்.

கூண்டுப்புழுவுக்கும் அவர் எதையும் விற்பதில்லை. நாற்றங்காலிலும் இளம்பயிரிலும் இலையை வெட்டிக் கூடாகச் சுருட்டி அதற்குள் வாழும் இந்தப் புழு, தண்ணீர் நிற்கும் வயலில்தான் பிழைக்கும். தண்ணீரில் சிறிது மண்ணெண்ணெய் கலந்து, இருவர் இரு வரப்பிலும் நின்று கயிற்றைப் பயிர்மேல் இழுத்தால் கூடுகள் உதிர்ந்து மிதக்கும். தண்ணீரை வடித்தால் அவை வடிவாய்க்கு வந்து சேரும், அங்கே அள்ளிவிடலாம். இலைச்சுருட்டுப் புழுவுக்கு முள் கிளையைப் பயிர்மேல் இழுத்துச் சுருளைப் பிரிப்பதும் இதே வகை. ஒரு கயிறும் இரண்டு ஆளும் போதும் என்பதால் இவை எந்தக் கடையின் விலைப்பட்டியலிலும் ஏறுவதில்லை. மண்ணெண்ணெய் கிடைப்பதுதான் இப்போது அரிது.

பழையது எல்லாம் சரி என்ற பேச்சும் கடையில் அவ்வப்போது கேட்கிறது, உரிமையாளரிடமிருந்தே கூட. நெல்மணி பூசண உருண்டையாக மாறும் நெற்பழம் என்ற நோய் வந்தால் லட்சுமி வந்திருக்கிறாள், அந்த ஆண்டு மகசூல் கொழிக்கும் என்ற நம்பிக்கை அதற்கு ஓர் எடுத்துக்காட்டு. அந்த நோய்க்கு லட்சுமி நோய் என்றே பெயர் உண்டு. கவனிப்பு என்ற அளவில் இதில் பிழையில்லை: ஈரமும் ஊட்டமும் நிறைந்து பயிர் செழித்து நிற்கும் ஆண்டில்தான் இந்தப் பூசணமும் செழிக்கிறது. ஆனால் நோயை வரவேற்று, அந்த வயல் நெல்லையே விதைக்கு எடுத்து வைப்பது நட்டம். கார்த்திகைச் சொக்கப்பனையில் பூச்சியெல்லாம் வந்து விழும் என்ற விளக்கமும் எனக்கு ஏற்புடையதாக இல்லை. ஓர் இரவு எரியும் தீ, பருவம் முழுவதும் வைக்க வேண்டிய விளக்குப்பொறிக்கு ஈடாகாது. பாரம்பரிய அறிவை மதிப்பதற்கு அதைச் சலித்துப் பார்ப்பதும் ஒரு வழி, அப்படிச் சலித்துப் பார்ப்பது இந்தக் கடையில் இன்னும் கூடுதலாக நடக்கலாம்.

பரணில் தொங்கும் தஞ்சாவூர் கிட்டியைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. மூங்கிலை வில்லாக வளைத்து, கயிறு பூட்டிச் செய்த எலிப்பொறி இது. பொரியோ நெல்லோ இரையாக வைத்து மாலையில் வயலில் ஊன்றிவிட்டு வந்தால், எலி இரையை இழுத்ததும் வில் விடுபட்டு அதை இறுக்கிவிடும். விடியற்காலையில் போய் எடுத்துக்கொள்ளலாம். கடையில் விற்கும் கிட்டிகள் ஊர்க் கைவினைஞர்கள் செய்தவை. மூங்கில் முற்றியது, கட்டு இறுக்கமானது, பருவம் முழுவதும் மழையில் நனைந்தும் வில்லின் விறைப்பு குறையவில்லை. நச்சுணவோடு ஒப்பிட்டால் இதன் அருமை விளங்கும். துத்தநாகப் பாஸ்பைடு கலந்த இரையை ஒரு முறை சிறிது தின்று பிழைத்த எலி மறுபடி அதை நெருங்காது. செத்த எலியைத் தின்னும் நாயும் பறவையும் ஆபத்துக்கு உள்ளாகும். கிட்டியில் அந்தத் தொல்லை இல்லை. எலியை உண்ணும் ஆந்தையும் கூகையும் இரவில் வந்து அமர, தென்னை மட்டையைத் தலைகீழாக நட்டு வைப்பதும் டெல்டாவில் உண்டு. கிட்டியும் மட்டையும் சேர்ந்தால் வயலில் வேறுபாடு தெரிகிறது.

கிட்டியில் குறை என்றால் அதை வைக்கும் கைப்பழக்கம்தான். எலி நடமாடும் தடம் எது, வளை எந்த வரப்பில், கிட்டியை எவ்வளவு சாய்த்து ஊன்றுவது என்பதை அறிந்தவர் வைத்தால்தான் விழுகிறது. கடையில் கேட்டால் கிட்டி வைப்பவரை அனுப்புகிறார்கள். பிடிபடும் எலிக்கு இவ்வளவு என்று கூலி. கிட்டியை மட்டும் வாங்கிச் செல்வதைவிட, ஆளோடு சேர்த்து அமர்த்துவதையே பரிந்துரைப்பேன். பயிர் கதிர் கட்டும் முன், பக்கத்து வயல்காரர்களும் சேர்ந்து ஒரே நேரத்தில் வைத்தால் பலன் கூடும். ஒரு வயலில் மட்டும் வைத்தால் அடுத்த வயல் எலி குடிவந்துவிடும்.

விதைப் பாதுகாப்புக்கான பொருள்கள் குறைவாக இருந்தாலும் தரமானவை. வசம்பு மணம் குறையாமல் இருக்கிறது. தூளாக்கி ஒரு கிலோ விதைக்கு 10 கிராம் வீதம் கலந்து வைத்த உளுந்தில் வண்டு விழவில்லை. தூளாகவே விற்கும் பொட்டலம் வேண்டாம், கிழங்காக வாங்கி வீட்டில் இடித்துக்கொள்வது நல்லது. துவரைக்குச் செம்மண் கட்டிக் காயவைக்கும் முறையைக் கடைக்காரரே வாய்மொழியாகச் சொல்லித் தருகிறார்.

பூச்சியைத் தன்பக்கம் ஈர்க்க நடும் பொறிப்பயிர்களின் விதைகளில் கொட்டைமுத்தும் தட்டைப்பயறும் நன்றாக முளைத்தன, செண்டுமல்லி சரியில்லை. நிலக்கடலை வயலைச் சுற்றி ஆமணக்கு நட்டால் புகையிலை வெட்டுப்புழுவின் தாய் அந்து அதன் அகன்ற இலையில் முட்டைக் குவியலை இடும். அந்த இலையைக் கிள்ளி அழிப்பது எளிது. தட்டைப்பயற்றில் அசுவினி சேரும், அதைத் தேடிப் பொறிவண்டு வரும், பிறகு அந்த வண்டு பக்கத்துப் பயிருக்கும் பரவிப் பூச்சியைத் தின்னும். கொட்டைமுத்து வாங்கும்போது இலையைக் கிள்ள வேண்டிய பகுதியையும் சொல்லிக் கொடுக்க வேண்டும். கிள்ளாமல் விட்ட ஆமணக்கு பூச்சிக்கு விருந்து வைத்த கதையாகிவிடும். உரிமையாளர் இருந்தால் சொல்கிறார், கடைப் பையன் மட்டும் இருந்தால் சொல்வதில்லை.

கடையின் எல்லை தெரிவது புதிய பூச்சிகளிடம். மக்காச்சோளப் படைப்புழு 2018இல்தான் இந்தியாவுக்கு வந்தது. தென்னையின் சுருள் வெள்ளை ஈ 2016இல். இவற்றைப் பற்றிப் பாட்டன் சொல்லி வைத்தது எதுவும் இருக்க முடியாது. ஆனாலும் இரண்டுக்கும் பத்திலைக் கரைசலை எடுத்து நீட்டுகிறார்கள். வெள்ளை ஈக்கு, அதை ஒட்டுண்ணியாக அழித்து இயற்கையாகவே பெருகும் என்கார்சியா குளவியைக் காப்பாற்றுவதும், ஓலையின் அடிப்பக்கம் தண்ணீரைப் பீய்ச்சுவதும், மஞ்சள் ஒட்டுப்பொறி வைப்பதும்தான் வேளாண் துறையும் பல்கலைக்கழகமும் சொல்லும் வழி. கண்டதைத் தெளிக்காமல் குளவிக்கு இடம் கொடுப்பது அதில் பெரும்பங்கு. நெல்லில் சிலந்தியைப் பற்றி அவ்வளவு கவனமாகக் கேட்பவர், தென்னையில் குளவியைப் பற்றிக் கேட்க மறந்துவிடுகிறார். காண்டாமிருக வண்டுக்கு மட்டும் அவர் தரும் பொருள் சரியானது: ஆமணக்குப் புண்ணாக்கைத் தண்ணீரில் கரைத்து மண்பானையில் தோப்பில் வைத்தால் வண்டு நாற்றத்துக்கு வந்து விழும், குருத்தின் மட்டை இடுக்கில் வேப்பங்கொட்டைத் தூளும் மணலும் ஒன்றுக்கு இரண்டு என்று கலந்து வைத்தால் வண்டு குடைவது குறையும்.

விலை பருவத்துக்குப் பருவம் மாறுவதால் எண்ணைத் தரவில்லை. முத்து, புண்ணாக்கு, வசம்பு ஆகியவை மண்டி விலையைவிடச் சற்றுக் கூடுதல். தரத்துக்கு அது தகும். புட்டிகளின் விலை எந்தக் கணக்குக்கும் தகாது. பெரும்பகுதி தண்ணீரும் கோமியமும். ரசீது கேட்டால் தருகிறார்கள், கேட்காவிட்டால் இல்லை. பதிவு பெற்ற தயாரிப்பை வாங்கினால் ரசீதையும் தொகுப்பு எண்ணையும் கட்டாயம் வாங்கி வையுங்கள். உயிரியல் மருந்து என்ற பெயரில் இரசாயனம் கலந்து வருவதாகப் புகார்கள் நாடெங்கும் உள்ளன. கூட்டம் குறைவான முற்பகலில், உரிமையாளர் இருக்கும் நேரம் பார்த்து, பாதித்த இலையை மட்டும் கிள்ளி எடுத்துச் செல்லாமல் ஒரு குத்தை வேரோடும் மண்ணோடும் பிடுங்கி எடுத்துச் செல்வது நல்லது. புது வேப்பமுத்து ஆவணிக்குள் வந்துவிடும், அதை வாங்கி நிழலில் காற்றோட்டமாகப் பரப்பி வைத்தால் சம்பாவுக்கு ஆகும். கிட்டிக்குப் புரட்டாசியிலேயே சொல்லி வைக்க வேண்டும். ஐப்பசி பிறந்துவிட்டால் கிட்டியும் கிடைக்காது, வைக்கும் ஆளும் கிடைக்க மாட்டார்.